மூலை மடிப்பு

மேடம் படுக்கை விரிப்பின் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினார்.

"திரும்பப் போடு."

குட்டை என்று மேடம் கூப்பிடும் அந்தப் பெண் திரும்பப் போட்டாள். காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

இருவரும் வேலை பார்த்த ஹோட்டலைப் புதுப்பிக்கிறோம், ஆறே மாதம் என்று சொல்லி மூடினார்கள். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. முதலில் கப்பலில் வரவேண்டிய டைல்ஸ் வரவில்லை. வந்தது, நிறம் சரியில்லை. பிறகு லிஃப்ட் தகராறு. இப்போது முதலாளிகளான அண்ணன் தம்பிக்குள் அடிதடி. எல்லாம் குட்டை வாய்வழி வந்த செய்திதான். அவள் பஸ் அந்தத் தெரு வழியாகப் போகும். மேடம் வீட்டை விட்டு இறங்குவதே அபூர்வம். போன வாரம், சண்டை கோர்ட் வரைக்கும் போய்விட்டதாம் என்று அவள் சொன்னபோது இருவரும் சேர்ந்து உச்சுக் கொட்டினார்கள்.

மேடம் அங்கே இருபத்திரண்டு வருடம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நூற்றிருபது அறைகள். அவர் விரல் வைத்துத் தூசி பார்க்காத கதவுச் சட்டம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகவேண்டும், அவருக்கு வேறு ஆசையே இல்லை. சூப்பர்வைசருக்கான கருநீலக் கோட்டு இஸ்திரி கலையாமல் அலமாரிக் கதவில் தொங்கியது. இஸ்திரி போட்டது குட்டைதான்.

மூடிய மாதமே, தன் கீழ் இருந்த நான்கு பெண்களை வீட்டுக்கு வரச் சொன்னார் மேடம். கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது, யாரை முதலில் எடுப்பது என்று நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள் என்றார். ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, ஒருத்திக்குத் துணிக்கடையில். இன்னொருத்தி போனையே எடுப்பதில்லை. மிஞ்சியவள் குட்டை. செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தாள்.

ஆரம்பத்தில் படுக்கை மட்டும்தான். பிறகு குளியலறையும் பயிற்சிதானே என்றார். பிறகு ஜன்னல். வந்தது வந்தாய், அந்தப் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டுப் போ. கடைசியில் மேடத்தின் முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதும் பயிற்சியில் சேர்ந்துகொண்டது.

இரண்டு முட்டியும் பந்து போல வீங்கியிருந்தன. இது வெளியே தெரிந்தால் என் வேலைக்கே உலை என்று குட்டையிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எண்ணெய்ப் புட்டியைக்கூடக் கட்டிலுக்கு அடியில், சுவர் ஓரமாகத் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார். இத்தனைக்கும் குட்டைக்குக் கிடைத்தது ஒரு டீ. சில வாரம் அதுவும் மறந்துபோகும்.

இன்று அவள் கையில் பிசகே இல்லை. மூன்றாவது தடவையும் படுக்கையை நான்கு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஒரு முடி அகப்பட்டது. நரைமுடி. குட்டையின் தலையில் பேருக்குக்கூட ஒரு நரை கிடையாது. அதனால் என்ன?

"திரும்பப் போடு. திறக்கிற அன்னிக்கே என் மானத்தை வாங்கிடுவ நீ."

குட்டை விரிப்பை எடுத்தாள். ஆனால் போடவில்லை, மடித்தாள். தலையணை உறைகளை உருவினாள். அலமாரியைத் திறந்து மற்ற விரிப்புகளையும் எடுத்துக் கட்டில்மேல் அடுக்கினாள். எல்லாவற்றின் ஓரத்திலும் ஹோட்டலின் முத்திரை. மூடிய அன்று, பத்திரமாக இருக்கட்டுமே என்று மேடம் வீட்டுக்குக் கொண்டுவந்தவை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒவ்வொன்றாக டிக் போட்டாள்.

யாரைக் கேட்டு எடுக்கிறாய் என்று மேடம் சீறினார். புது மேனேஜர் கேட்டார் என்று குட்டை சாவகாசமாகச் சொன்னாள். ஹோட்டல் திறந்து நாற்பது நாளாகிறது என்றும் சொன்னாள்.

நாற்பது நாள். மேடம் மனதுக்குள் ஆறு செவ்வாய்க்கிழமைகளை ஓட்டிப் பார்த்தார். லிஃப்ட் தகராறு, அண்ணன் தம்பி அடிதடி, கோர்ட், எல்லாம் அந்த ஆறுக்குள் வந்தவை. உச்சுக் கொட்டியதும்.

அலமாரிக் கதவில் தொங்கிய கோட்டும் பட்டியலில் இருந்தது. குட்டை அதை இறக்கித் தன் உடம்போடு வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். கை நீளத்தை மட்டும் மடித்துத் தைத்தால் போதும் என்றாள். நேற்றுதான் சூப்பர்வைசர் வேலையை நிரந்தரம் செய்தார்களாம். அதுவரை மேடம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிடக் கூடாதல்லவா, அதற்குத்தான் இந்த ஆறு வாரமும் தவறாமல் வந்தாளாம்.

கேட்க வேண்டாம் என்று நினைத்ததை மேடத்தின் வாய் கேட்டுவிட்டது.

"என்னைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

"கேட்டாங்க மேடம். முதல் நாளே உங்களைத்தான் கேட்டாங்க. முட்டி ரெண்டும் போச்சு, படியேற முடியாதுன்னு சொல்லிட்டேன். நான் ஒண்ணும் பொய் சொல்லலையே."

எல்லாவற்றையும் திணித்த பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். போகும்போது, பழக்கதோஷம், கதவுச் சட்டத்தை விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தாள்.

மேடம் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி விண் விண் என்று தெறித்தது. எண்ணெய்ப் புட்டி கட்டிலுக்கு அடியில், சுவர் ஓரமாக, அவர் வைக்கச் சொன்ன இடத்திலேயே இருந்தது.