எட்டாவது கையெழுத்து

பழமைவாதக் கட்சிகள் இரண்டும் ஒன்றாக இணைந்ததும் அவர்கள் கூட்டணிக்குச் சின்னக் கட்சிகள் வந்து குவிந்தன. வந்தவர்களுக்கெல்லாம் தொகுதி வேண்டுமே! சொந்தக் கட்சி வேட்பாளர்களிடம் விலகல் கடிதம் வாங்கும் வேலை செயலாளர் தலையில் விழுந்தது.

ஏழு பேரிடம் வாங்கிவிட்டார். ஒருவர் அழுதார். ஒருவர் கடிதத்தை முகத்தில் விட்டெறிந்து, பிறகு தானே பொறுக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"வடக்குத் தொகுதிய வியாபாரிகள் கட்சி கேக்குது. அவங்க இல்லாம ஆட்சி இல்ல," என்றார் தலைவர்.

"அங்க நிக்கறவங்க இருபது வருஷமா உழைச்சவங்க தலைவரே. இதுக்கு வேற யாரையாவது அனுப்புங்களேன்."

"நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. இன்னிக்கே வாங்கிட்டு வந்துடுங்க."

எட்டாவது கடிதத்தோடு அந்த வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார் செயலாளர். அழைப்பு மணியை அடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

கூடத்தில் அவர் மனைவி, ஓட்டுக் கேட்டு நடந்து வீங்கிய கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வடக்குல ஒரு தெரு பாக்கி இல்லீங்க. நான் ஜெயிச்சாச்சுன்னே வச்சுக்குங்க!" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க, இன்னிக்கு யார் வாயில மண்ணப் போட்டீங்க?"