பின்சந்து வழியாக ஒரு முடிவு

"ஜெயா, கதவத் தொற லா. படத்துல கடைசில என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு, போதும்."

பக்கத்து வீட்டுப் பின்கதவை வள்ளிநாயகி மறுபடியும் தட்டினாள். பதில் இல்லை. ஜெயலெட்சுமியின் செருப்பையும் காணோம். சனிக்கிழமை இரவுச் சந்தைக்குக் கிளம்பிப் போயிருப்பாள்.

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கணவர் விஸ்வலிங்கம்தான். வள்ளிநாயகி தன் வீட்டுக்குள் ஓடி, வெளியே போய்வந்த சேலையை உருவி எறிந்து, வீட்டுக் கைலியைச் சுற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

பட்டர்வொர்த்தின் அந்த வரிசை வீடுகளில் சனிக்கிழமை மாலை டிவியில் வரும் தமிழ்ப் படத்தை யாரும் தவறவிடுவதில்லை. இவர்கள் வீட்டு டிவி ரிப்பேர் கடைக்குப் போய் ஒரு மாதமாகிறது. அதனால் அவள் ஜெயலெட்சுமி வீட்டிலும், அவர் மாக் மண்டினில் நண்பர் அப்புத்துரை வீட்டிலும் பார்ப்பதாக ஏற்பாடு. சாப்பிடும்போது இருவரும் உட்கார்ந்து படத்தைக் காட்சி காட்சியாக அலசுவார்கள்.

இன்று அவள் படம் பார்க்கவில்லை. ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி, ஜார்ஜ் டவுனில் இருக்கும் மகள் அருந்ததி வீட்டுக்குப் போய்வந்தாள்.

கேட்காமல் பதிவுக் கல்யாணம் செய்துகொண்ட மகள். "அவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். மிதிச்சவங்க என் வாசப்படிய மிதிக்க வேணாம்" என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவர் விஸ்வலிங்கம். சொன்ன சொல்லை அவர் மாற்றியதாகச் சரித்திரமே இல்லை. இன்று மாட்டிக்கொண்டால், இந்த வயதில் எந்த வாசலில் போய் நிற்பது?

விஸ்வலிங்கம் உள்ளே வந்தார். சட்டைத் தோளில் வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. கேரம் பவுடர். கிளப்பில் பந்தயம் கட்டி கேரம் ஆடுவதை விட்டுத் தொலைத்துவிட்டேன் என்று சொன்ன மனிதர்.

"படம் பாத்தியா?" என்றார், கை கழுவிக்கொண்டே.

"பாக்காம? ஆனா ஆரம்பம் போச்சு, ஜெயா பேச்சு கொடுத்துட்டா. நீங்க மொதல்லேருந்து சொல்லுங்க."

அவர் தட்டின் முன் உட்கார்ந்து சாவகாசமாக ஆரம்பித்தார். ஒரு தபால்காரர், அவருக்கு ஒரே மகள், ஊரில் ஒரு திருவிழா. வள்ளிநாயகி சரியான இடங்களில் 'ம்' கொட்டினாள். வெறும் 'ம்' போதாது என்று தோன்றியது. எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றை எடுத்துவிட்டாள்.

"அந்தக் கோயில் யானை வந்துச்சே, அந்த இடம்தான் நல்லாருந்துச்சு."

"அத மறக்க முடியுமா? மாலைய தூக்கி அந்தப் பொண்ணு கழுத்துல போட்டப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

அவள் கை கரண்டியோடு நின்றது. யானை அவளே விட்ட சரடு. குருட்டு அதிர்ஷ்டமா? சோதித்துப் பார்த்துவிடலாம்.

"அப்புறம் அந்த யானைய கப்பல்ல ஏத்தினாங்களே."

விஸ்வலிங்கம் கண் இமைக்கவில்லை. "பாவம், அதுக்கு கப்பல் ஒத்துக்கல லா."

ஆக, இவரும் படம் பார்க்கவில்லை. அப்படியானால் இந்த மனிதர் எங்கே போனார்? கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. கேட்டால் அவரும் திருப்பிக் கேட்பார். வாயை மூடிக்கொண்டு குழம்பை ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்து ஜெயலெட்சுமி ஒரு கிண்ணம் பலகாரத்தோடு உள்ளே வந்தாள்.

"சந்தையில வாங்கினேன், சாப்பிடுங்க அக்கா. இன்னைக்கு டிவிக்காரன் நல்லா ஏமாத்திட்டான், பாருங்க. படத்த தூக்கிட்டு பூப்பந்து ஆட்டம் போட்டுட்டான். நீங்களும் வரல, நான் மட்டும் உக்காந்து பந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். அண்ணே, நீங்க வேற வீணா மாக் மண்டின் வரைக்கும் போயிருப்பீங்க."

கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

கப்பலேறிய யானை இப்போது இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. வள்ளிநாயகி தலை நிமிரவில்லை. 'எங்கே போனாய்' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

விஸ்வலிங்கம் சோற்றைப் பிசைந்தார். "மிச்சக் கதைய சொல்லவா?"

"எந்தக் கதை?"

"அந்தப் படம்தான். நீ முடிவு பாக்கலியே."

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த அப்பா மக வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணவரு. சத்தியத்த மீறக் கூடாதில்ல? மக வீடு கடைவீட்டு வரிசையில. பின்னால ஒரு சந்து, அங்க ஒரு கதவு. ஆனா உள்ளாற அம்மாக்காரி உக்காந்திருக்கா. அவ முன்வாசல் வழியா எறங்கி ஃபெரிக்குப் போற வரைக்கும் மனுஷன் சந்துலேயே நின்னாரு."

குழம்புச் சட்டியை எடுத்த வள்ளிநாயகி ஊற்றாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம்?"

"பின்கதவால போயி கொழந்தையத் தூக்கினாரு. தூக்கின ஒடனே தோள்ல சாஞ்சு தூங்கிடுச்சு. இடது காதுக்குப் பின்னால கடுகு மாதிரி ஒரு மச்சம்."

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளையே பார்த்தாள். அங்கே ஒட்டியிருந்தது கேரம் பவுடர் இல்லை. இன்று சாயங்காலம் பேத்தியைக் குளிப்பாட்டி, அந்த மச்சத்தில் முத்தம் வைத்து, தன் கையாலேயே அவள் பூசிவிட்ட பவுடர்.