நிலா இல்லாத இருட்டு

"முன் வரிசையில ஒருத்தர் குறட்டையே விட ஆரம்பிச்சுட்டார் தம்பி. நிறுத்திடட்டுமா?" பேராசிரியர் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஐயோ, நிறுத்தாதீங்க சார்! பேசுங்க, பேசுங்க!" என்று பதறினார் கூட்டத்தை ஏற்பாடு செய்த இளைஞர்.

பேராசிரியருக்கு வயிறெரிந்தது. கிரேக்க மொழியைக் கரைத்துக் குடித்தவர். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் போதும், மகனுக்கு போன் வந்துவிடும். மருமகளுக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிடும். ஓய்வு பெற்றபின் வந்த முதல் அழைப்பு இது. கார் அனுப்பி, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று வேறு சொன்னார்கள். ஒரே ஒருவராவது கடைசிவரை கேட்டுவிட மாட்டாரா என்ற நப்பாசையில்தான் வந்திருந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார்.

"ஸ்கோட்டோமேனே. பழைய கிரேக்கச் சொல். ஸ்கோட்டோஸ்னா இருட்டு, மேனேன்னா நிலா. ரெண்டும் சேர்ந்தா, நிலா இல்லாத இருட்டு..."

இரண்டாவது வரிசையும் சாய்ந்தது. சாய்வு நாற்காலி போட்டால் வேறென்ன நடக்கும் என்று மனதுக்குள் திட்டினார். போதாக்குறைக்கு ஜன்னல் திரைகளையும் இழுத்து விட்டிருந்தார்கள்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கை தூக்கினார்.

"ஏன் சார், நிலாவே இல்லேன்னா அந்தச் சொல்லுக்குள்ள நிலா எதுக்கு?"

பேராசிரியருக்குப் புல்லரித்தது. வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு மாணவன்கூட இப்படிக் கேட்டதில்லை.

"இல்லாததைச் சொல்லணும்னாலும் அதோட பேரைச் சொல்லித்தானேம்மா ஆகணும்!"

"அட, ஆமா!" என்றார் அந்த அம்மாள், கொட்டக் கொட்ட விழித்தபடி.

அதன்பின் மற்றவர்கள் அவர் கண்ணிலேயே படவில்லை. அந்த அம்மாளுக்காகவே வேர்ச்சொல், கிளைச்சொல் என்று அள்ளிக் கொட்டினார். மேடையிலிருந்து இறங்கும்போது கண் கலங்கியிருந்தது.

"கூட்டமே தூங்கிடுச்சு தம்பி. போகட்டும். கடைசிவரைக்கும் ஆர்வமா கேட்டாங்களே, அந்தம்மா ஒருத்தர் போதும் எனக்கு!"

இளைஞர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்களை நினைச்சு மனசைத் தளர விடாதீங்க சார். தூக்கம் வராதவங்களுக்கான எங்க ஆஸ்பத்திரியில, மாத்திரைக்கே மசியாத அத்தனை பேரையும் தூங்க வச்சுட்டீங்க! அந்தம்மா கொஞ்சம் முத்தின கேஸ். நாளைக்கு அவங்களுக்கு மட்டும் டோஸை ரெண்டு மணி நேரமா ஏத்திடலாம்."