யார் போனால் தேடுகிறான்
மணிலாவில், பல்கலைக்கழக உளவியல் அறை; குழந்தை யாரிடம் ஒட்டுதலாக இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. இந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்க முடிகிற கண்ணாடிக்குப் பின்னால் ரொவீனா நிற்கிறாள். குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியவள். கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய மூன்று வயது மகன் நொனோய் மரக்கட்டைகளை அடுக்குகிறான். அவனை வளர்த்த அவள் தங்கை செலிங் அருகில் இருக்கிறாள். சற்றுமுன் ரொவீனா எழுந்து வந்தபோது அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியில் விட்டுவந்த கைக்குட்டை மின்விசிறிக் காற்றில் அசைகிறது. "அழவே இல்ல பாத்தீங்களா டாக்டர்? பாஸ்தானே?" என்கிறாள் ரொவீனா. ஆய்வாளர் மரிவிக் பேனாவை மூடித் திறக்கிறார். "இருங்க. இப்ப உங்க தங்கச்சி வெளிய வரட்டும்." செலிங் எழுந்து கதவைத் தொடுகிறாள். கட்டைகள் சரிகின்றன. "அம்மா, போகாத" என்று அலறிக்கொண்டு நொனோய் அவள் பாவாடையைப் பிடிக்கிறான். அந்தச் சொல்லைக் கேட்டதும் கதவுப்பிடிக்குப் போன ரொவீனாவின் கை, பாதியில் நிற்கிறது.