முதுகில் கட்டிய கத்தி

மலையடிவாரத்தில் வனக்காவலர் என் பையைப் பார்த்துச் சிரித்தார். "தனியாப் போறீங்க, இவ்வளவு பெரிய கத்திய முதுகுப் பக்கமா கட்டியிருக்கீங்க. கை எட்டுமா?"

எட்டாது. பின்னால் வரும் அக்காதான் உருவித் தருவாள். "எனக்கும் ஒரு வேலை வேணும்ல" என்பாள். அவள் இறந்து பத்து மாதமாகியும் நான் கட்டும் இடம் மாறவில்லை.

முதல் வளைவில் முட்புதர் பாதையை அடைத்திருந்தது. பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் நீட்டிவிட்டேன். வெட்கமாகிவிட்டது. இழுத்துக்கொள்வதற்குள் கைப்பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

நான் திரும்பவில்லை. வெட்டி முடித்ததும் கைப்பிடி பின்பக்கம் இருக்கும்படி நீட்டினேன். கை காலியானது. உறையின் பட்டன் டக்கென்று மூடியது.

அன்று சாயங்காலம்வரை, வழியை மறிக்காத புதர்களையும் வெட்டிக்கொண்டே போனேன்.