ஒன்பது சுற்று

வத்சலா பிராகாரத்தின் மூலை திரும்பியதும், கிரிதர் தயிர் டப்பாவில் மூன்று ஸ்பூன் எண்ணெய் ஊற்றி அவசரமாகக் கலக்கினார்.

“சீக்கிரம் குடி. அத்தை வந்துடும்.”

ஹம்சினி மாலையை ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். “இன்னும் எத்தினிப்பா?”

“நாலுதாம்மா.”

திருவிடந்தைப் பெருமாளுக்குச் சாற்றிய மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்பது முறை சுற்றினால் கல்யாணம் கூடிவரும். தங்கை வத்சலா கேட்டதும் அதைத்தான். “எனக்குத் தெம்பான மருமக வேணும்ணா. ஒம்போது சுத்து முடிக்கட்டும். இங்கயே தட்டு மாத்திக்கலாம்.”

தெம்பு. சேர்த்துவைத்த சர்க்கரையை எரிக்க ஹம்சினியின் தசைகளுக்குத் தெரியாது. பரம்பரை நோய். வேகமாக நடந்தால் கால் கட்டையாகும். மீறி நடந்தால் சிறுநீர் காபி நிறத்தில் போகும். சாப்பாட்டோடு இந்த எண்ணெய் கொடுத்தால் வேறு வழியில் சக்தி கிடைக்கலாம் என்றார் செங்கல்பட்டு டாக்டர். ‘கிடைக்கலாம்’ என்று மட்டும்தான் சொன்னார்.

வெளியே பெண் கொடுத்தால் விசாரிப்பார்கள். வத்சலா விசாரிக்கமாட்டாள். அவள் கட்டியது மாமா மகனை. அவனுடைய கூடப்பிறந்தவள்தான் ஹம்சினியின் அம்மா. அந்த அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. தனக்குப் பிறகு இவளுக்கு யார் என்று கிரிதர் யோசிக்காத நாளில்லை.

“இன்னா பாப்பா, உன் பின்னாடி வந்தவங்கல்லாம் சுத்தி முடிச்சு வூட்டுக்கே பூட்டாங்க!” பெருக்கிக்கொண்டிருந்த எல்லம்மாள் சிரித்தாள். “மாப்ள சுத்தலயா?”

“எம் புள்ள அத்வைத்தா? போன வாரமே சுத்திட்டான். கார்ல ஏசி போட்டுகினு உக்காந்துகீறான்,” என்றாள், திரும்பி வந்த வத்சலா.

ஏழாவது சுற்றில் ஹம்சினி உட்கார்ந்துவிட்டாள். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது.

“முடியலப்பா.”

“எழுந்திரும்மா. இன்னும் ரெண்டுதான்.” கிரிதர் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அவள் கத்தினாள். துணிப்பை சரிந்தது. எண்ணெய் பாட்டில் கல்தரையில் உருண்டு வத்சலாவின் காலடியில் போய் நின்றது.

அவள் குனிந்து எடுத்தாள்.

“மறைச்சுட்டேன் வத்சலா.” கிரிதரின் கைகள் தானாகக் குவிந்தன. “அவளை வேணாம்னு சொல்லிடாத. தெனம் குடுத்துகினுதான் கீறேன். நடந்துடுவா. உன் கால்ல வேணா விழறேன்.”

வத்சலா லேபிளைப் படிக்கவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கார் நின்ற வாசல் பக்கமே பார்த்தாள்.

“ஒரு வேளைக்கு எவ்ளோண்ணா குடுக்குற?”

“மூணு ஸ்பூன்.”

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்தாள்.

“அத்வைத்துக்கு நானும் அவ்ளோதாண்ணா குடுக்குறேன்.”