கல்லில் இரண்டு முட்டை

நைட் ஷிப்ட் விட்டுவிட்டது. அமெரிக்காவின் டொலிடோ நகரில், தகடு அடிக்கும் தொழிற்சாலைக்கு எதிரே, இந்தச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடியெல்லாம் நீராவி. வெளியே கரி படிந்த பனி. பாழாய்ப்போன பிரஸ் மெஷின் எங்களைப் பாதிச் செவிடாக்கிவிட்டதால் இங்கே யாரும் வாயால் கேட்பதில்லை. விரலைக் காட்டினால் போதும், சமையல்கார ஓட்டிஸ் அத்தனை முட்டையைக் கல்லில் உடைத்துவிடுவான். வெகுநாளாய் வராத கசிமிர் இன்று வந்து பழைய இடத்தில் உட்காருகிறான். "வாய்யா, இன்னும் உசுரோடதான் இருக்கியா?" என்று காபி ஊற்றுகிறாள், பரிமாறும் மார்வா. அவன் சிரித்தபடி, பழக்கத்தில், வலது கையைத் தூக்கிக் காட்டுகிறான். தட்டில் இரண்டு முட்டை வருகிறது. "இவனுக்கு எப்பவும் மூணுல்ல?" மார்வா அடுப்படியைப் பார்த்துக் கத்துகிறாள். "ரெண்டுதான காட்டினான்! எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று ஓட்டிஸும் கத்துகிறான். கசிமிர் அதே கையை மறுபடி தூக்கிக் காட்டுகிறான். மோதிர விரல் இருந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக மினுங்குகிறது. ஓட்டிஸும் இப்போது பார்த்துவிட்டான். கல்லில் கொழுப்பு பொரிகிற சத்தம் எங்கள் காதுக்கே கேட்கிறது. "ரெண்டே போதும், விடு" என்கிறான் கசிமிர். நாங்கள் எல்லோரும் கைகளை மேசைக்கு அடியில் வைத்திருக்கிறோம். கதவைத் தள்ளிக்கொண்டு டெல்பர்ட் வருகிறான், பனியை உதறுகிறான், கையை உயரத் தூக்கி நான்கு முட்டைக்கு நான்கு விரல்களை விரித்துக் காட்டுகிறான். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.